சதுர பின், உருண்டை பின்

சென்னை மீனம்பாக்கம். பன்னாட்டுப் புறப்பாடு. பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தாயிற்று. தட்டில் போன பெல்ட்டும் கைக்கடிகாரமும் மறுபடி உடம்புக்கு வந்தாயிற்று. மணி இரவு பதினொன்றரை.

கடைக்குக் கதவு கிடையாது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் வழி. கல்லாவின் மேல் மூன்று கூடைகள். கல்லாவுக்குப் பின்னால் கறுப்புச் சட்டை போட்ட இளைஞர். கழுத்தில் அடையாள அட்டை. அட்டையைத் திருப்பித் திருப்பிச் சட்டைப் பைக்குள் செருகுகிறார். அது வெளியே வந்துவிடுகிறது.

யார் வந்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி.

"எந்த ஊருக்கு?"

"துபாய்." கை இடப்பக்கக் கூடைக்குப் போகிறது.

"சிங்கப்பூர்." அதே கூடை.

"கோலாலம்பூர்." அதே கூடை. தோஹா, குவைத், கொழும்பு, லண்டன், எல்லாம் அதே கூடை.

கூடையில் இருப்பவை சிறிய வெள்ளை அடாப்டர்கள். ஒரு பக்கம் உருண்டைத் துளை. மறுபக்கம் மூன்று சதுர பின். மேலே நிற்கும் பின் மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளம். சாக்கெட்டில் முதலில் நுழைவது அதுதான். அது நுழைந்த பிறகே மற்ற இரண்டு துளைகளின் மூடி விலகும். பிரிட்டன் 1947இல் வகுத்த அளவு. பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட ஊர்கள் பலவும் பிறகு அதற்கு மாறின. இந்தியச் சுவர்களில் அதற்கும் முந்தைய பிரிட்டிஷ் உருண்டை பின் தங்கிவிட்டது. கூடையில் உள்ள அடாப்டரின் வேலை இந்த இரண்டையும் சேர்த்துவைப்பது. விலை 399 ரூபாய்.

வலப்பக்கக் கூடை ஐரோப்பா. இரண்டு உருண்டை பின். நடுக்கூடை அமெரிக்கா. இரண்டு தட்டை பின்.

கூடைகளின் மேல் பெயர் எழுதவில்லை.

*

கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் எல்லா நாட்டுக்கும் பொருந்தும் அடாப்டரைக் கையில் எடுக்கிறார். பக்கவாட்டுப் பித்தானைத் தள்ளுகிறார். சதுர பின் வெளியே வருகிறது. இன்னொன்றைத் தள்ளுகிறார். தட்டை பின் வருகிறது. எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டு விலைச்சீட்டைத் திருப்புகிறார். 1,499.

"ரிச்சி தெருவுல இருநூத்தம்பது."

"ஆமாங்க சார்."

சட்டைக்காரர் இன்னும் ஒரு பதில் வரும் என்று நிற்கிறார். வரவில்லை. அடாப்டரை வைத்துவிட்டுப் போகிறார். எதிரே நாணய மாற்றுக் கவுண்டர். அதன் பலகையை ஒருமுறை படிக்கிறார். வாசனைத் திரவியக் கடைப் பக்கம் நடக்கிறார். திரும்புகிறார். அதே அடாப்டர், அதே பித்தான், அதே பின்.

கார்டை நீட்டுகிறார். இருவரும் ரிச்சி தெருவைப் பற்றி மறுபடி பேசுவதில்லை.

*

ஆறு பேர் சேர்ந்து வருகிறார்கள். ஆறு பேர் கையிலும் ஒரே நிறத்தில் பிளாஸ்டிக் உறை. உள்ளே விசா நகல், வேலை ஒப்பந்தம், புகைப்படம். ஐந்து பேர் சட்டையில் கடை மடிப்பு இன்னும் போகவில்லை. ஆறாவது ஆள் நரைத்த மீசைக்காரர். அவர் சட்டை பழையது. மற்றவர்கள் அவரைப் பார்த்து நடக்கிறார்கள், அவர் நின்றால் நிற்கிறார்கள்.

"எந்த ஊருக்குண்ணே?"

"கத்தாரு."

கை இடப்பக்கக் கூடைக்குப் போகிறது. மீசைக்காரர் தலையாட்டுகிறார்.

"பின்னு அங்க போய் வாங்கிக்குவோம் தம்பி. அங்க மலிவு. கேபிள் எடுங்க. நீளமா."

இளைஞர் ஒரு பொட்டலத்தை எடுத்து வைக்கிறார். சி டைப், ஒரு மீட்டர், 65 வாட். சீக்கிரம் ஏறும் என்கிறார். மீசைக்காரர் பொட்டலத்தைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் முழுக்க விரித்துக் காட்டுகிறார். பிறகு அதற்கும் மேலே ஒரு சாண் என்று விரலால் சொல்கிறார்.

"மேல் கட்டிலுக்கு எட்டணும்."

இளைஞர் முழங்காலிட்டு உட்கார்கிறார். கீழ் வரிசைக் கொக்கி ஒன்றில் கைவிடுகிறார். மூன்று மீட்டர். நான்கு பொட்டலம்தான் இருக்கிறது. இரண்டு மீட்டரில் நிறைய இருக்கிறது.

நான்கும் கல்லா மேல் வரிசையாகக் கிடக்கின்றன. ஆறு பேரும் அவற்றைப் பார்க்கிறார்கள். யாரும் கை நீட்டவில்லை.

"எனக்குக் கீழ்க் கட்டிலு. ரெண்டு மீட்டர் போதும்" என்கிறார் மீசைக்காரர்.

ஐந்து பேருக்கு நான்கு. எல்லாரிலும் சின்னவன் இரண்டு மீட்டர் பொட்டலத்தைத் தானே எடுத்துக்கொள்கிறான்.

"இது மேல எட்டுமாண்ணே?"

"எட்டலேன்னா கீழ எங்கிட்ட குடு. நான் போட்டு வெக்கிறேன்."

பணம் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். நூறு, ஐம்பது, இருபது. இந்த நோட்டுகளுக்கு இன்னும் இரண்டு மணி நேரத்தில் வேலை இல்லை. ஒருவன் மீதிச் சில்லறையைத் திருப்பிக் கல்லாவிலேயே வைக்கிறான். மீசைக்காரர் அதை எடுத்து அவன் சட்டைப் பையில் போடுகிறார்.

"திரும்பி வர்றப்ப பஸ்ஸுக்கு ஆகும்."

*

கடைக்கு எதிரே ஒரு தூண். தூணைச் சுற்றி இலவச சார்ஜிங் முனைகள். எல்லாவற்றிலும் வயர் தொங்குகிறது. வயரின் நுனியில் போன், போனின் பக்கத்தில் ஆள். நாற்காலி காலியாக இருந்தும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வயர் நீளம் அவ்வளவுதான்.

ஒருவர் சுவரைப் பார்த்தபடி வீடியோவில் பேசுகிறார். திரையில் கூரை ஓடும் மின்விசிறியும் தெரிகின்றன. அந்தப் பக்கத்துப் போனைக் குழந்தை பிடித்திருக்கிறது. அவர் மின்விசிறியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார். சாப்பிட்டாயிற்றா, தூக்கம் வரவில்லையா, பாட்டி எங்கே.

அவர் பக்கத்தில் ஒரு பெண் சும்மா நிற்கிறாள். கையில் சார்ஜர். அவர் பேசி முடிக்கக் காத்திருக்கிறாள். ஒருமுறைகூட இருமவில்லை.

*

முதியவர்கள் இருவர். அம்மாவின் தோளில் துணிப்பை, அப்பாவின் கையில் நீள நோட்டு.

"எந்த ஊருக்கும்மா?"

"அமெரிக்கா. பொண்ணுக்கு எட்டாம் மாசம்."

நடுக்கூடை.

"போனுக்கு ஒண்ணு குடுங்க தம்பி. மிக்ஸிக்கு ஒண்ணு."

கூடையில் போன கை நிற்கிறது.

"மிக்ஸி எங்கம்மா?"

"பெட்டில போட்டாச்சு."

"எத்தனை வோல்ட்டு?"

அம்மா அப்பாவைப் பார்க்கிறாள். அப்பா நோட்டைப் புரட்டுகிறார். மிக்ஸியின் ரசீது ஒட்டப்பட்டிருக்கும் பக்கம். 230 வோல்ட், 750 வாட். பச்சை மையில் அடிக்கோடு.

இளைஞர் அடாப்டரை அம்மாவின் உள்ளங்கையில் வைக்கிறார். இது பின்னை மட்டும்தான் மாற்றும் என்கிறார். கரண்டை மாற்றாது. அங்கே சுவரில் வருவது 120 வோல்ட், நம்முடையதில் கிட்டத்தட்டப் பாதி. போன் சார்ஜருக்குப் பிரச்சினை இல்லை. அப்பாவின் சார்ஜரை வாங்கித் திருப்பிக் காட்டுகிறார். பொடி எழுத்தில் 100-240 என்று இருக்கிறது. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படிக்கிறார். மனைவிக்கும் வாசித்துக் காட்டுகிறார். நோட்டில் எழுதுகிறார்.

"அப்ப மிக்ஸி?"

"சுத்தும்மா. பலம் இருக்காது."

"மாவு அரைக்காதா?"

"சட்னியே கஷ்டம்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட் மிக்ஸி நம் ஊர்க் கடைகளில் விற்கிறார்கள் என்று இளைஞர் சொல்கிறார். மெதுவாகச் சொல்கிறார். அம்மா அப்பா பக்கம் திரும்புகிறாள். அப்பா விமான நேரப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

தட்டை பின் ஒன்று விற்பனையாகிறது. மகளுக்குச் செய்தி அனுப்ப அப்பா போனை எடுக்கிறார். திரை கறுப்பாக இருக்கிறது. பித்தானை அழுத்திப் பிடிக்கிறார். போன் விழிக்கிறது. சார்ஜ் நூறு சதவீதம். வழியில் தீர்ந்துவிடக் கூடாது என்று வீட்டிலேயே அணைத்துவைத்திருக்கிறார்.

*

கல்லாவின் ஓரத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். பெட்டியில் போடக் கூடாது.

முதுகுப் பையோடு ஒரு பையன்.

"முப்பதாயிரம் இருக்கா?"

"வைக்கறதில்ல சார். எந்த ஊரு?"

"சிங்கப்பூர்."

இளைஞர் கால்குலேட்டரை எடுக்கிறார். 30,000 பெருக்கல் 3.7, வகுத்தல் 1,000. திரையில் 111. சுட்டுவிரல் அறிவிப்பின் மேல் போகிறது. 100 வாட்-ஹவர். அதற்கு மேலே 160 வரை விமான நிறுவனம் சம்மதிக்க வேண்டும். அதையும் தாண்டினால் ஏற்றமாட்டார்கள். மறுபடி தட்டுகிறார். 20,000. திரையில் 74.

பையன் இருபதாயிரத்தை எடுக்கிறான். பின்புறத்துப் பொடி எழுத்தைத் தேடிப் படிக்கிறான். 74 அங்கேயும் இருக்கிறது.

"ஃப்ளைட்ல போட்டுக்கலாமா?"

"எந்த ஏர்லைன்ஸ்?"

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். வைத்துக்கொள்ளலாம், விமானத்துக்குள் சார்ஜ் போடக் கூடாது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த விதி. எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல். ஒருவருக்கு ஒன்று, அதையும் உபயோகிக்கக் கூடாது. அதே ஆண்டு ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் புசானில், புறப்படக் காத்திருந்த விமானம் ஒன்று தீப்பற்றியது. மேற்கூரை எரிந்து போனது. உள்ளே இருந்த 176 பேரும் பிழைத்தார்கள். பயணியின் பவர் பேங்க்கிலிருந்து தீ கிளம்பியிருக்கலாம் என்றார்கள் கொரிய அதிகாரிகள்.

இளைஞர் இவ்வளவும் சொல்லவில்லை. "உள்ள போடாதீங்க சார், மேல பெட்டி வைக்கற இடத்துலயும் வேணாம், கையிலயே வெச்சுக்கங்க" என்கிறார். பையன் பவர் பேங்க்கைச் சட்டைப் பையில் போட்டுப் பார்க்கிறான். சட்டை ஒரு பக்கம் சாய்கிறது.

*

கோட்டு அணிந்த ஒருவர் வருகிறார். கண் மட்டத்தில் ஹெட்போன் வரிசை. விமான இரைச்சலை அடக்கும் வகை. விலைச்சீட்டில் ஐந்து இலக்கம். ஒன்றை எடுக்கிறார், கார்டைத் தட்டுகிறார், பெட்டியைப் பிரித்துக் குப்பைத் தொட்டியில் போடுகிறார், ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு போகிறார். எந்த ஊர் என்ற கேள்விக்கு இடமே இல்லை.

ஹெட்போன் வரிசைக்குக் கீழே பவர் பேங்க் வரிசை. அதற்கும் கீழே, முழங்கால் உயரத்தில், கேபிள் வரிசை. சி டைப்புக்கு எட்டுக் கொக்கிகள். பழைய ஐபோன் கேபிளுக்கு இரண்டு. ஐபோன் 2023இல் சி டைப்புக்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்கும் எல்லாப் போன்களுக்கும் 2024 டிசம்பர் 28 முதல் சி டைப் கட்டாயம். கொக்கிகள் அதற்குள் கைமாறிவிட்டன. கடைசிக் கொக்கி பழைய போன்களின் சின்ன பின்னுக்கு. அதில் இரண்டு பொட்டலம். மேலே தூசி.

*

"பிராங்க்பர்ட். அங்கேர்ந்து ஆகன்."

மாணவி. இடக்கையில் போன், காதில் அப்பாவின் குரல். அப்பா கண்ணாடிக்கு வெளியே, வாகன நிறுத்தத்தில் இருக்கிறார். விமானம் கிளம்பும் வரை போகமாட்டார். குரல் போனை மீறிக் கடைக்குள் கேட்கிறது. ரெண்டு வாங்கு. ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு. மூணா வாங்கு.

வலப்பக்கக் கூடையிலிருந்து இளைஞர் ஒன்றை எடுக்கிறார். பிறகு அவள் போன் சார்ஜரைக் கேட்டு வாங்குகிறார். இரண்டு உருண்டை பின். இது ஜெர்மனிச் சுவரில் பெரும்பாலும் அப்படியே போகும் என்கிறார். லேப்டாப் பிளக்கைப் பார்க்கிறார். மூன்று பின், தடிமன். இதற்குத்தான் அடாப்டர்.

"ஒண்ணு போதும் மேடம்."

போனில் அமைதி. பிறகு அப்பா கேட்கிறார். "கடைக்காரரே சொல்றாரா?"

"ஆமாப்பா."

"சரி, பணம் நான் போடறேன். அந்தக் கட்டத்த போட்டோ எடுத்து அனுப்பு."

"எங்கிட்ட இருக்குப்பா."

"அனுப்பும்மா."

அவள் கல்லா மேலிருக்கும் கியூஆர் அட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறாள். மூவரும் காத்திருக்கிறார்கள், இருவர் உள்ளே, ஒருவர் வெளியே. கல்லாவின் சிறிய ஒலிப்பெட்டி பேசுகிறது. நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் பெறப்பட்டது.

"வந்துதா?" என்கிறார் அப்பா.

"வந்துருச்சுப்பா."

அவள் பொட்டலத்தைப் பைக்குள் வைக்கிறாள். ஜிப்பை மூடுகிறாள். திறந்து, இன்னும் உள்ளே தள்ளி வைத்து, மூடுகிறாள்.

*

மணி இரண்டரை. கூட்டம் வாயில்களுக்குப் போய்விட்டது. இளைஞர் கொக்கிகளைச் சரிசெய்கிறார். பிரித்துப் பார்த்துவிட்டுப் போன பொட்டலங்களை ஒட்டுகிறார்.

துப்புரவுப் பணியாளர் ஒருவர் துடைப்பானைத் தள்ளிக்கொண்டு வருகிறார். ஐம்பதைத் தாண்டியவர். கடைக்குள் எட்டிப் பார்க்கிறார்.

"ஏறிடுச்சா தம்பி?"

"எண்பது வந்திருக்குக்கா. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்."

கல்லாவுக்குக் கீழே ஒரு பலகை. அதில் மூன்று போன்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டுச் சீட்டு, சீட்டில் பெயர். மூன்றும் சீருடைக்காரர்களுடையவை. அவர்கள் தூணுக்குப் போவதில்லை. தூண் பயணிகளுக்கு.

அக்கா துடைப்பானைக் கடை வாசல் வரை ஓட்டுகிறார். கடைக்குள்ளேயும் ஓட்டுகிறார். கல்லாவுக்குப் பின்னால் கால் படும் இடத்தையும் விடவில்லை.

*

கடப்பைப் பக்கத்திலிருந்து வந்த பெண். குவைத்துக்குப் போகும் வீட்டுவேலைக்காரர்கள் பலர் அந்தப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்துதான் விமானம் ஏறுகிறார்கள். வாசலில் நிற்கிறாள். உள்ளே வரலாமா என்று கண் கேட்கிறது.

"ரண்டி அம்மா. ஏ ஊரு?"

தெலுங்கைக் கேட்டதும் உள்ளே வருகிறாள். குவைத் என்கிறாள். கை இடப்பக்கக் கூடைக்குப் போகிறது. அடாப்டர் இருக்கிறது என்று பையைத் தட்டிக் காட்டுகிறாள். இரண்டாவது முறை போகிறவள். போனை நீட்டுகிறாள். கண்ணாடியில் குறுக்கே கீறல். கூடவே ஒரு கேபிள். நுனியில் உறை பிய்ந்து செம்பு தெரிகிறது. அதன் மேல் சுற்றியிருப்பது காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி.

சின்ன பின்.

இளைஞர் கடைசிக் கொக்கிக்குக் குனிகிறார். பொட்டலத்தின் தூசியைச் சட்டைக் கையால் துடைக்கிறார். கால்குலேட்டரில் விலையைத் தட்டித் திரையை அவள் பக்கம் திருப்புகிறார். அவள் படித்துவிட்டு, பணம் எடுக்காமல், போனைக் காட்டுகிறாள். போட்டுப் பார்க்க வேண்டும்.

பிரித்த பொட்டலத்தை வேறு யாருக்கும் விற்க முடியாது. இளைஞர் பிரிக்கிறார். கேபிளைச் செருகுகிறார். திரை எரிகிறது. மின்கலத்தின் படம் தோன்றுகிறது. அடியில் ஒரு பச்சைக் கோடு. மேலே ஏறுகிறது, மறைகிறது, மறுபடி அடியிலிருந்து ஏறுகிறது. அவள் ஒரு விரலைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தபடி நிற்கிறாள். கோடு மூன்றுமுறை ஏறி இறங்கிய பிறகு விரலை எடுக்கிறாள்.

கைப்பையின் உள்ளறையிலிருந்து பணம் வருகிறது. மடிப்பைப் பிரித்து எண்ணிக் கொடுக்கிறாள். பழைய கேபிளை இளைஞர் குப்பைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகிறார். அவள் கை நீட்டி வாங்கிக்கொள்கிறாள். நான்காக மடித்து, புதியதோடு சேர்த்துப் பைக்குள் வைக்கிறாள்.

*

மணி ஐந்து. அடுத்த பணிக்கான பெண் வந்துவிட்டாள். தலைமுடி ஈரம். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் கல்லாச் சாவிக்கு நீட்டிய உள்ளங்கை.

இருவரும் இருப்பை எண்ணுகிறார்கள். அவர் சொல்ல, அவள் எழுதுகிறாள். சதுர பின் பத்தொன்பது போயிருக்கிறது. உருண்டை ஐந்து. தட்டை நான்கு. ஹெட்போன் ஒன்று.

"ஒரே ஒரு ஹெட்போன்தானா? அதுக்கா இவ்வளவு இடம்?"

"கம்பெனி போட்ட வரிசை அது. நம்ம கையில இல்ல."

"கேபிள்?"

"மூணு மீட்டர் தீந்துபோச்சு. முப்பது கேளு."

"போன தடவை அஞ்சுதானே அனுப்பினாங்க."

"ஏன்னு எழுதாம கேட்டா அஞ்சுதான் வரும்."

சரக்குக் கேட்கும் நோட்டில் நான்கு பத்தி. பொருள், இருப்பு, தேவை, காரணம். காரணப் பத்தியில் முந்தைய பக்கம் முழுக்க 'தீர்ந்தது' என்று இருக்கிறது. இளைஞர் பேனாவை வாங்குகிறார். மூன்று மீட்டர் சி டைப். பூஜ்யம். முப்பது. காரணத்தில் எழுதுகிறார்: மேல் கட்டில்.

அவள் படிக்கிறாள். பேனாவைத் திரும்ப வாங்கி அடுத்த வரியில் தானும் எழுதுகிறாள். சின்ன பின். ஒன்று. பத்து. காரணத்தில்: குவைத் அம்மாக்கள் கேட்கிறார்கள்.

பக்கத்தைப் படம் பிடித்துக் குடோனுக்கு அனுப்புகிறாள்.